16,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, ஸ்கூட்டர் பெல்ட்டை இப்போதே மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான். அப்பா ஓட்டிய 110 சிசி ஸ்கூட்டர், 2016 மாடல், மீட்டரில் 16,000 கிமீ. அப்பாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு வாடிப்பட்டி வீட்டில் மூன்று வருடம் சும்மாவே நின்றது. இப்போது மகளுக்கு மதுரையில் வேலை கிடைத்திருக்கிறது, தினமும் இந்த வண்டியில்தான் போய்வரப் போகிறார். உள்ளூர் மெக்கானிக் "டைமிங் பெல்ட் பழசாகிருச்சும்மா, அறுந்தா இன்ஜினே போயிரும், மாத்திருங்க" என்கிறார். வண்டிப் புத்தகத்தில் 24,000 கிமீ என்று போட்டிருக்கிறது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. இப்போதே மாற்றுவதா, மீதி 8,000-ஐயும் ஓட்டிவிட்டு மாற்றுவதா?

இப்போதே மாற்றிவிடுங்கள். மெக்கானிக் சொன்ன காரணம் தப்பு, சொன்ன வேலை சரி.

உங்கள் வண்டியில் டைமிங் பெல்ட் கிடையாது. ஆக்டிவா, ஜூபிடர், அக்செஸ் என்று நம் ரோட்டில் ஓடும் ஸ்கூட்டர்களில் வால்வைத் திறந்து மூடும் வேலைக்கு இருப்பது டைமிங் செயின். சிலிண்டரை ஒட்டி, இன்ஜின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். ஸ்பிளெண்டர், பல்சர் எல்லாவற்றிலும் அப்படித்தான். மெக்கானிக் சொல்வது இடது பக்கப் பெரிய கவருக்குள் இருக்கும் பெல்ட்டை. இன்ஜின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோவது அது. கியர் போடாமலேயே வண்டி வேகம் எடுப்பது அதனால்தான். அது அறுந்தால் இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. ஆக்சிலேட்டரைத் திருகினால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

"அறுந்தால் இன்ஜின் போய்விடும்" என்ற பயம் கார்களில் இருந்தும், சில பெரிய பைக்குகளில் இருந்தும் வந்தது. டுகாட்டி 1979-இல் பாண்டா என்ற மாடலில் ரப்பர் டைமிங் பெல்ட்டைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் விற்ற 803 சிசி ஸ்க்ராம்ப்ளரிலும் அந்த வகைதான். ஹோண்டா கோல்டு விங்கில் 1975 முதல் பெல்ட் இருந்தது, 1800 சிசி மாடல் வந்தபோதுதான் செயினுக்கு மாறினார்கள். அந்த மாதிரி இன்ஜினில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி, வால்வு வளைந்து, செலவு லட்சத்தை எட்டிவிடும். டுகாட்டிக்காரர்கள் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் போட்டிருக்கிறார்கள். பழைய மாடல்களுக்கு இரண்டு வருடம், பின்னால் வந்தவற்றுக்கு ஐந்து வருடம். வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் ஐந்தாவது வருடம் மாற்று என்பதுதான் அதன் பொருள். உங்கள் வண்டிக்குத் தேவையான பாடம் இது ஒன்றுதான். நம் ஸ்கூட்டர் புத்தகங்கள் பெரும்பாலும் கிலோமீட்டரை மட்டும் சொல்கின்றன, அதைப் படித்துவிட்டு எல்லோரும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பெல்ட் என்பது ரப்பருக்குள் நூல் கயிறு பதித்துச் செய்வது. இழுவையைத் தாங்குவது கயிறு, பெல்ட் சுற்றி ஓடும் சக்கரமான புல்லியைப் பிடிப்பது ரப்பர். ஓட ஓடத் தேய்வது ஒரு கணக்கு. சூட்டிலும் காற்றிலும் ரப்பர் இறுகிப்போவது வேறு கணக்கு, அது வண்டி நின்றாலும் நடக்கும். பல வருடம் பரணில் கிடந்த ரப்பர் பேண்டை இழுத்துப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ரப்பர் வேலை செய்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள்: பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும். கறாரான சூத்திரம் இல்லை என்றாலும் போக்கு அதுதான். சித்திரை, வைகாசியில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரி தொடுகிறது. அந்தக் கவருக்குள் இன்ஜின் சூடும் பெல்ட் உராய்வுச் சூடும் சேர்ந்துகொள்கின்றன. குளிர்ச்சியான ஊரில் எட்டு வருடம் தாங்கும் பெல்ட் இங்கேயும் அத்தனை வருடம் தாங்கும் என்று நான் நம்ப மாட்டேன்.

மூன்று வருடம் நின்றதும் பெல்ட்டுக்கு ஓய்வு இல்லை. வண்டி நிற்கும்போது பெல்ட் முன் புல்லியில் சின்ன வட்டத்தில் மடிந்து இருக்கும், பின் புல்லியில் பெரிய வட்டத்தில் இருக்கும். இடையில் யாரும் உருட்டவில்லை என்றால் அத்தனை நாளும் அதே இடம் அதே மடிப்பில் கிடந்து இறுகும். மறுபடி ஓட ஆரம்பித்ததும் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். வண்டி இப்போது நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். தேய்ந்த பெல்ட் முன்கூட்டிச் சொல்லும்: டாப் ஸ்பீடு குறையும், ஏற்றத்தில் இன்ஜின் கத்தும், கிளம்பும்போது ஜெர்க் அடிக்கும். இறுகி வெடித்த பெல்ட் பல நேரம் எதையும் சொல்லாது.

இனி உங்கள் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். வாடிப்பட்டியிலிருந்து மதுரை ஒரு நடைக்கு ஏறத்தாழ 25 கிமீ. போய்வர 50, மாதம் 26 நாள் என்றால் 1,300 கிமீ. புத்தகக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் மீதி இருக்கும் 8,000 கிமீ ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். ஆக, இப்போதா, ஆறு மாதம் கழித்தா என்பதுதான் உண்மையான கேள்வி. 110 சிசி வண்டிக்கு நல்ல பெல்ட் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். அந்த ஆறு மாதத்தால் மிச்சமாவது பெல்ட் விலையில் சின்னத் துண்டு.

அதற்காக எதைப் பணயம் வைக்கிறீர்கள் என்றும் பாருங்கள். உங்கள் வழி நாலு வழிச் சாலை. 55, 60 வேகத்தில் போகும்போது பெல்ட் அறுந்தால் வண்டியின் இழுவை சட்டென்று நின்றுவிடும், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். அறுந்த நூல் பின் புல்லியில் சுற்றிக்கொண்டு சக்கரத்தையே பிடித்த வண்டிகளும் உண்டு. அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் பெரிய விபத்து. வேலை முடிந்து இருட்டியபின் சமயநல்லூர் தாண்டி ஒரு பெண் தனியாக வண்டியைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும் என்பதை நான் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இதே வண்டி அப்பாவிடம் இருந்து, தெருமுனை டீக்கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போய்வந்தால், "கழற்றிப் பாருங்கள், விரிசல் இல்லையென்றால் ஓட்டுங்கள்" என்று சொல்லியிருப்பேன்.

மாற்றுவது என்று முடிவான பிறகும், கவரைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். உங்கள் மெக்கானிக் மேல் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, வண்டி இனிமேல் உங்களுடையது. கவர் திறந்ததும் உள்ளே கறுப்புத் தூள் படிந்திருக்கும். ஓரளவுக்கு அது இயல்பு. கைப்பிடி அளவுக்குக் குவிந்திருந்தால் பெல்ட் வழுக்கித் தேய்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கையில் வாங்கி, பல் இருக்கும் உள்பக்கம் வெளியே வரும்படி பின்னோக்கி வளையுங்கள். பல்லின் அடியில், இரண்டு பல்லுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் பாருங்கள். சாதாரணமாகப் பார்த்தால் வழவழப்பாகத் தெரியும் இடத்தில், வளைத்ததும் மெல்லிய கோடுகள் வாய் திறக்கும். ஒரே ஒரு கோடு தெரிந்தாலும் அந்தப் பெல்ட் திரும்ப வண்டிக்குள் போகக் கூடாது. அப்படியே நகர்த்தி முழு வட்டத்தையும் பாருங்கள், நின்ற இடத்தில் மட்டும் வெடித்திருக்கலாம். பக்கவாட்டு முகம் கண்ணாடி மாதிரி மின்னினால் சூட்டில் வழுக்கியிருக்கிறது. ஓரத்தில் நூல் பிரிந்து தெரிந்தால் மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம். பிசுபிசுப்பு இருந்தால் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) பக்க சீலா, கியர்பாக்ஸ் சீலா, பின் புல்லி கிரீஸா என்று கண்டுபிடிக்காமல் புதுப் பெல்ட் போட்டால் அதுவும் ஊறிப்போகும்.

அகலத்தை வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். புதிய பெல்ட்டைவிட ஒரு மில்லிமீட்டர் போல குறைந்திருந்தால் அதன் காலம் முடிந்தது என்பது பொதுக் கணக்கு, சரியான அளவு உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு ஏன் இவ்வளவு கவலை என்றால், வேகம் கூடக் கூட முன் புல்லியின் இரண்டு தட்டும் நெருங்கி, பெல்ட்டை விளிம்பு நோக்கி மேலே தள்ளுகின்றன. பெல்ட் மெலிந்துவிட்டால் தட்டுகள் முழுக்க நெருங்கிய பிறகும் அது பழைய உயரத்துக்கு ஏறாது. இன்ஜின் அதே வேகத்தில் சுற்றினாலும் வண்டி முன்பு போன வேகத்தைத் தொடாது. 75 போன வண்டி 65-லேயே திணறினால் கார்புரேட்டரை நோண்டுவதற்கு முன் பெல்ட்டை அளந்து பார்ப்பது நல்லது.

காற்று வரும் வழியையும் மறக்காதீர்கள். முன் புல்லியின் வெளித்தட்டில் விசிறி இறக்கைகள் இருக்கும், அவைதான் வெளிக்காற்றை இழுத்து உள்ளே குளிர்விக்கின்றன. கிராமத்து வீட்டில் நின்ற வண்டியில் அந்தக் காற்று வரும் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டி வைத்திருக்கும். அதை அப்படியே விட்டுப் புதுப் பெல்ட் போட்டால் முதல் கோடையிலேயே வெந்துவிடும்.

மாட்டும் வேலையில்தான் நான் அதிகம் பயப்படும் இடம் இருக்கிறது. பெல்ட் அறுந்தால் இன்ஜின் கெடாது என்று மேலே சொன்னேன். ஆனால் பெல்ட்டைத் தப்பாக மாட்டினால் கிராங்க் கெடும். புதுப் பெல்ட்டைப் பின் புல்லியில் போடும்போது இரண்டு தட்டையும் கையால் விரித்து, பெல்ட்டை அடிவரைக்கும் உள்ளே இறக்க வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் தொய்வு கிடைக்கும், முன் வெளித்தட்டு நடுவில் இருக்கும் புஷ்ஷில் நேராகப் போய் உட்காரும். இந்தத் தொய்வை உண்டாக்காமல் அவசரத்தில் நட்டை ஏற்றினால் நட்டு தட்டை நெருக்காது, நடுவில் மாட்டிய பெல்ட்டைத்தான் நெருக்கும். கைக்கு நன்றாக டைட்டானது மாதிரியே இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓடியதும் பெல்ட் மேலே ஏறிக்கொள்ளும், நட்டு லூசாகிவிடும். அப்புறம் தட்டு ஆடி ஆடி கிராங்க் முனையில் இருக்கும் பல்வரியை அரைத்துவிடும். ஆயிரம் ரூபாய் வேலை இன்ஜின் பிரிக்கும் வேலையாக மாறுவது இங்கேதான். நட்டைப் பூட்டியதும் முன் புல்லியைக் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்பக்கம் பெல்ட் இரண்டு தட்டுக்கும் நடுவே நெரிபடாமல் தளர்வாக இருக்க வேண்டும். பிறகு சக்கரத்தைச் சுற்றினால் தொய்வு தானாகச் சரியாகும்.

நட்டைக் கழற்றும்போது புல்லி சுற்றாமல் இருக்க விசிறி இறக்கைக்குள் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நிறுத்துவது பல இடங்களில் பழக்கம். இறக்கை உடைந்துவிடும். அதற்கென்று ஹோல்டர் இருக்கிறது, இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். பெல்ட்டில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும். புல்லித் தட்டைத் துடைத்துக் காயவிட்டு, கிரீஸ் படாத கையால் போட வேண்டும். தட்டின் முகத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், படி தட்டினால் அந்தத் தட்டு புதுப் பெல்ட்டையும் சீக்கிரம் தின்றுவிடும்.

கூடவே மாற்ற வேண்டியவை: முன் புல்லியின் தட்டை நகர்த்தும் வேரியேட்டருக்குள் இருக்கும் ஆறு ரோலர். ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் ஆறையும் செட்டாக மாற்றுங்கள். சின்ன பிளாஸ்டிக் ஸ்லைடர்களையும் அப்போதே மாற்றலாம், விலை குறைவு. கிளட்ச் ஷூவை 16,000 கிமீக்கு மாற்றச் சொன்னால் கனத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் தேவைப்படாது. கியர் ஆயில் கொஞ்சம்தான் பிடிக்கும், மூன்று வருடம் நின்ற வண்டிக்கு மாற்றிவிடுங்கள்.

பெல்ட் வாங்கும்போது மாடலையும் வருடத்தையும் சொல்லி, பார்ட் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஒரே கம்பெனியின் இரண்டு வண்டிக்கும் பெல்ட் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், நீளத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பெல்ட் வரும் பேக்கிங் கவரில் தயாரித்த மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கும். வயதுக்குப் பயந்து மாற்றுகிறவர் நாலு வருடம் கடையில் கிடந்த பெல்ட்டை வாங்கி வந்தால் என்ன பயன்? வெயில் படும்படி கடை வாசலில் ஆணியில் தொங்கும் பெல்ட் வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு ரப்பர் பெல்ட் புதிய சங்கதி இல்லை. கோச்சடையில் ஃபென்னர் ஆலை இருக்கிறது, மில்லுக்கும் பம்புசெட்டுக்கும் போகும் வி பெல்ட்டோடு வளர்ந்த ஊர் இது. அங்கே வேலை பார்த்தவர் யாராவது உங்கள் சொந்தத்தில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வெயிலும் ஆயிலும் ரப்பரை என்ன செய்யும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருந்து மூட்டை ஏற்றி ஓட்டுகிறவருக்கு நான் வருடக் கணக்கே சொல்ல மாட்டேன். அவர் வண்டிக்குப் பாரமும் கிலோமீட்டரும்தான் கணக்கு. 8,000, 10,000 கிமீக்கு ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, புத்தகம் சொல்லும் எண்ணுக்குக் கொஞ்சம் முன்னாலேயே மாற்றிவிட வேண்டும். சிம்மக்கல், கோரிப்பாளையம் நெரிசலில் பிரேக்கைப் பிடித்தபடியே ஆக்சிலேட்டரைத் திருகி ஊர்கிறவர்களும் அந்தக் கணக்கில்தான் வருவார்கள், ஏனென்றால் கிளட்ச்சும் பெல்ட்டும் அதிகம் சூடாவது அந்த ஊர்தலில்தான். சித்திரைத் திருவிழா நேரத்தில் தல்லாகுளம் பக்கம் ஒரு மணி நேரம் அப்படி ஓட்டுவது, நத்தம் மேம்பாலத்தில் காற்றோட்டமாகப் பல நடை போய்வருவதைவிட மோசம். சிறுமலைக்கோ கொடைக்கானலுக்கோ ஸ்கூட்டரில் இரண்டு பேராகப் போகிறவர்கள் பெல்ட்டின் வயது ஐந்தைத் தாண்டியிருந்தால் மாற்றிவிட்டுப் போங்கள். இறக்கத்தில் பெல்ட் அறுந்தால் இன்ஜின் பிடித்து நிறுத்தும் உதவியும் போய்விடும், கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்க வேண்டியிருக்கும். இரண்டு மூன்று வருட வண்டியைக் கொண்டுபோய் விட்டதுமே பெல்ட் மாற்றச் சொன்னால் மட்டும், பழைய பெல்ட்டை வளைத்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விரிசலும் இல்லை, அகலமும் இருக்கிறது என்றால் அதையே திரும்ப மாட்டலாம்.

ஓடும்போது இடது பக்கம் "பட்" என்று சத்தம் கேட்டு, இன்ஜின் மட்டும் உறுமினால் ஆக்சிலேட்டரை உடனே விட்டுவிட்டு ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். போகிறதா என்று திரும்பத் திரும்ப ரேஸ் பண்ணினால்தான் நூல் சுற்றிக்கொள்ளும்.

புதுப் பெல்ட் போட்ட பிறகு முதல் நூறு இருநூறு கிலோமீட்டர் முழு ஆக்சிலேட்டர் கொடுக்காமல் ஓட்டுங்கள். அந்த இடைவெளியில் ஒரு நாள் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, டைமிங் செயினையும் கேட்டுவிடுங்கள். சிலிண்டர் பக்கம் கடகடவென்று சத்தம் வந்து, சூடான பிறகும் அடங்காமல் இருந்தால் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். சத்தம் இல்லையென்றால் அதை யாரும் தொட வேண்டியதில்லை, நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் போதும். பெல்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் சேர்த்து சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். உங்கள் ஓட்டத்துக்கு எட்டு மாதத்தில் ஒருமுறை கவரைத் திறந்து பார்க்க வேண்டும், ஒன்றரை வருடத்தில் அடுத்த பெல்ட்டுக்கு நேரம் வந்துவிடும்.